ரங்கூன் துறைமுக நகரம்: வணிகம், குடிபெயர்வு, சமூக வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று யாங்கோன் என்று வழங்கும் ரங்கூன் 1852 முதல் 1942 வரை ஆங்கிலேயப் பேரரசின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. செட்டிநாட்டிலும் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரை மாவட்டங்களிலும் பாட்டனோ பூட்டனோ பர்மாவுக்குப் போய் வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் பல உண்டு. ஆனால் அந்த நகரத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களில் தொடங்கி, ஜப்பானியர் படையெடுத்தபோது மக்கள் நடந்தே இந்தியா திரும்பிய 1942ஆம் ஆண்டின் நடைப்பயணத்தில் முடிந்துவிடுகிறது. இடையில் இருந்த நெல்லும் கடனும் கூலியும், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பர்மிய உழவரும் பேச்சில் வருவதில்லை. வாசகர்கள் பலமுறை கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தரும்போது, அந்த இடைப்பகுதிக்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ரங்கூன் எப்போது துறைமுக நகரமாக மாறியது?

சுவேதகோன் பகோடாவைச் சுற்றி இருந்த தகோன் என்ற ஊரை அலௌங்பயா மன்னர் 1755இல் கைப்பற்றி யாங்கோன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் 1824–26இல் நடந்த முதல் போரில் அராக்கானையும் தெனாசரிமையும் எடுத்துக்கொண்டனர். 1852இல் நடந்த இரண்டாம் போரில் ரங்கூன் உட்பட்ட கீழ்ப் பர்மா முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. அதன்பிறகு வில்லியம் மாண்ட்கோமரி, அலெக்சாண்டர் ஃபிரேசர் ஆகியோர் வகுத்த திட்டப்படி, சூலே பகோடாவை நடுவில் வைத்து, ஆற்றங்கரையை ஒட்டிக் கட்டம்கட்டமாகப் புது நகரம் எழுந்தது. அகலமான சாலைகள் கிழக்கு மேற்காக ஓட, அவற்றுக்குக் குறுக்கே எண்களைப் பெயராகக் கொண்ட குறுகிய தெருக்கள் வரிசையாக அமைந்தன.

தாழ்வான சதுப்பு நிலத்தை மேடாக்கி, அந்த மனைகளை விற்று, வந்த பணத்தைக் கொண்டே நகரத்தைக் கட்டினார்கள். எனவே கையில் பணம் இருந்தவர்களுக்கே நகரின் நடுப்பகுதி கிடைத்தது. பேரரசு தன் வணிகத்துக்காக வகுத்த இடம் அது என்பதையும், பர்மியருக்கு அந்நகரின் உயிரிடமாகச் சுவேதகோனே தொடர்ந்து இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

பர்மா வேறு நாடாயிற்றே, இந்தியர்கள் எப்படித் தடையில்லாமல் போய் வந்தார்கள்?

1937 ஏப்ரல் 1 வரை பர்மா நிர்வாக அளவில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போவதற்கும் ரங்கூனுக்குப் போவதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. இரண்டு இடங்களிலும் ஒரே ரூபாய் செல்லுபடியானது. கடவுச்சீட்டு கேட்கும் வழக்கமும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் கல்கத்தா, விசாகப்பட்டினம், காக்கிநாடா, சென்னை ஆகிய துறைமுகங்களிலிருந்து மேல்தளப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்காக ஓடின. 1920களின் பிற்பகுதியில், ஒரே ஆண்டில் ரங்கூனில் வந்து இறங்கிய இந்தியர் தொகை நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஏறத்தாழ அதே அளவினர் ஒவ்வோர் ஆண்டும் ஊர் திரும்பிக்கொண்டும் இருந்தனர். ஆகவே இதை ஒருமுறை நடந்த குடியேற்றமாகக் கொள்வதைவிட, ஓயாத போக்குவரத்து என்று கொள்வதே பொருந்தும்.

நாடு பிடித்தவர்கள் அரசர்களையும் இதே கடல்வழியில்தான் இடம் மாற்றினார்கள். டில்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் 1858இல் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862 நவம்பர் 7 அன்று அங்கேயே இறந்தார். மாண்டலேயிலிருந்து ஆண்ட பர்மாவின் கடைசி அரசர் தீபா 1885இல் பிடிக்கப்பட்டு, ரங்கூன் வழியாகச் சென்னைக்கும் பின்னர் ரத்தினகிரிக்கும் கொண்டுசெல்லப்பட்டு, 1916இல் அங்கே காலமானார்.

ரங்கூனில் நடந்த முக்கிய வணிகம் எது?

நெல்லும் அரிசியும்தாம். தேக்கும் மண்ணெண்ணெயும் அடுத்த நிலையில் இருந்தன. பம்பாய் பர்மா வணிகக் கழகம் காடுகளில் வெட்டிய தேக்கை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தது. ஆற்றுக்கு அப்பால் சிரியத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. ஆனாலும் நகரத்தின் நாடி அரிசி ஆலைகளில்தான் துடித்தது.

ஐராவதிக் கழிமுகம் 1850களில் பெரும்பாலும் காடும் சதுப்பும் முதலையுமாகக் கிடந்த பகுதி. ஆங்கிலேய ஆட்சி நிலைபெற்ற பிறகு, மேல் பர்மாவின் வறண்ட பகுதிகளிலிருந்து உழவர் குடும்பங்கள் இறங்கி வந்து காட்டை வெட்டி வயலாக்கின. தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பயிரிட்டு வரி கட்டியவருக்கே நிலம் உரிமையாகும் என்று 1876ஆம் ஆண்டின் நிலச் சட்டம் சொன்னது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா அருகில் வந்துவிட்டது. தொடக்கத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு, 1930களில் எண்பது லட்சம் ஏக்கரையும் கடந்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் முப்பது லட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து வெளியே போயிற்று.

அறுவடை முடிந்ததும் நெல் ஏற்றிய படகுகள் கால்வாய்கள் வழியாக வந்து, பசுந்தாங் ஓடையின் கரையில் வரிசையாக நின்ற ஆலைகளின் படித்துறைகளில் அணையும். கூலியாட்கள் நெல்லைக் கூடையில் அளந்து தோளில் சுமந்து ஏற்றுவார்கள். நெல்லைக் குத்தும்போது கிடைக்கும் உமியையே கொதிகலனுக்கு எரிபொருளாகப் போடுவதால் ஆலைக்கு விறகுச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் புகையும் தவிட்டுத் தூசியும் அந்தப் பகுதி முழுவதும் படிந்திருக்கும். பச்சரிசி ஐரோப்பாவுக்கும், புழுங்கலரிசி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போயின. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் உண்ட சோற்றில் பெரும்பகுதி ரங்கூன் அரிசிதான். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அந்த அரிசி வரத்து நின்றதும் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்கான காரணங்களுள் ஒன்று.

இந்த வணிகத்தின் உச்சியில் ஸ்டீல் சகோதரர்கள் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் இருந்தன. நான்கு பெரிய நிறுவனங்கள் 1921இல் கூட்டுச் சேர்ந்து நெல்லின் கொள்முதல் விலையைத் தாழ்த்தி வைக்க முனைந்தன. உழவருக்கு நேர்ந்த துன்பத்தைப் பேசுகிறவர்கள் வட்டியை மட்டும் பேசி இந்தக் கூட்டை விட்டுவிடுவது சரியாகாது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே என்ன தொழில் செய்தார்கள்?

கொடுக்கல் வாங்கல். ஐரோப்பிய வங்கிகள் ஆலைக்கும் கப்பலுக்கும் கடன் கொடுத்தன. சேற்றில் நிற்கும் உழவருக்குக் கொடுக்கவில்லை. காடு வெட்டவும், மாடு வாங்கவும், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் பிடிக்கவும் உழவருக்குப் பணம் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்கள் நுழைந்தனர். 1930ஆம் ஆண்டையொட்டி நடந்த மாகாண வங்கி விசாரணையின்படி, பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

ரங்கூனில் அவர்களுடைய தலைமையிடம் முகல் தெரு. அங்கிருந்த கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது முதலெழுத்துகளால் அறியப்பட்ட ஒவ்வொரு கடைக்கும், அந்தக் கூடத்தில் ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு பாய், ஒரு திண்டு, கணக்கும் பத்திரமும் பணமும் வைக்கும் ஒரு மரப்பெட்டி. பகலில் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பேரேடு எழுதுவார்கள். இரவில் அதே இடத்தில் படுக்கையை விரித்துக்கொள்வார்கள். சமையல் பொதுவாக நடக்கும். ஊரிலிருந்து வரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலையோடு கணக்கும் பழகி, அடுத்தாளாகி, திறமை இருந்தால் மேலாளாக உயர்வான். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருக்க, மேலாள் மூன்று ஆண்டுக் கணக்குக்கு ஒப்புக்கொண்டு வருவார். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை (வரவு செலவு இருப்பு நிலைக் கணக்கு) எடுத்து, சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் பெற்று ஊர் திரும்புவார். அவர் இடத்துக்கு அடுத்தவர் வருவார்.

முகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் புழங்கும் பணத்துக்கான வட்டியை அவர்கள் நிர்ணயித்துக்கொண்டார்கள். ஒருவர் சொல் தவறினால் அந்தக் கூட்டத்தில் தலைகாட்ட முடியாது என்பதே அவர்களுடைய பெரிய ஈடு. சமூகத்துக்குள் இருந்த இந்த நாணயத்தையும் கட்டுப்பாட்டையும் நாம் மதித்தே ஆகவேண்டும். பத்திரமும் பிணையும் கேட்ட வங்கிகள் எட்ட முடியாத ஊர்களுக்கெல்லாம் பணம் போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

பிற்காலத்தில் நவீன வங்கித் தொழிலுக்கும் இந்த அனுபவம் வழிகாட்டியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

செட்டியார்கள் பர்மிய உழவரின் நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்பது உண்மையா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தர முடியாது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களின் கையில் இருந்தது நிலப் பரப்பில் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் இத்தனை நிலம் கைமாறியதற்குப் பின்னால் இருந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தபோது, பழைய விலையை நம்பி வாங்கிய கடனை உழவரால் அடைக்க முடியவில்லை. கடன் கொடுத்தவர்களும் ஊரில் வைப்பு வைத்திருந்தவர்களுக்கும் வங்கிகளுக்கும் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருந்தார்கள். பணத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது நிலம். விற்க முடியாத, தாமே உழவும் முடியாத நிலம் அது. நகரத்தார் நிலத்துக்காகவே கடன் கொடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நிலம் வந்து சேர்ந்தது அவர்களுடைய தொழிலின் தோல்வி. கடன் கொடுத்த உள்ளூர்ப் பர்மியர், சீனர் பலர் செட்டியார்களைவிடக் கூடுதலான வட்டி வாங்கினார்கள் என்பதையும் அக்கால விசாரணைகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆனால் இந்த விளக்கம் கணக்கெழுதியவரின் பக்கத்திலிருந்து பார்ப்பது. தம் கையால் காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகையாளாக நிற்கநேர்ந்த பர்மிய உழவருக்கு, உலகச் சந்தையும் ஐரோப்பியக் கூட்டும் கண்ணில் படவில்லை. பத்திரத்தில் இருந்த தமிழ்ப் பெயர்தான் கண்ணில் பட்டது. அவருடைய கோபம் அறியாமையால் வந்தது என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படும் நாம், அந்த வீட்டைக் கட்டிய பணம் எந்த வயலில் விளைந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லவேண்டும். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சியின் காலமும் நெல் விலை வீழ்ந்த காலமும் ஒன்றாக இருந்தது தற்செயலன்று.

கூலித் தொழிலாளர்கள் எப்படி அழைத்துவரப்பட்டார்கள்?

பீஜிக்கும் மொரீஷியசுக்கும் ஆட்களைக் கொண்டுசென்ற ஒப்பந்தக் கூலி முறை பர்மாவில் வேரூன்றவில்லை. இங்கே இருந்தது மேஸ்திரி முறை. மேஸ்திரி தம் சொந்த வட்டாரத்துக்குப் போய், முன்பணம் கொடுத்து, கப்பல் கட்டணத்தையும் கட்டி, ஒரு கும்பலாக ஆட்களைக் கூட்டி வருவார். துறைமுகத்திலோ ஆலையிலோ கூலி அவர் கையில்தான் கொடுக்கப்படும். முன்பணம், கப்பல் செலவு, சாப்பாடு, தமக்குரிய பங்கு எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். அவருக்கு மேல் ஒரு தலைமை மேஸ்திரி, அவருக்கு மேல் ஒப்பந்ததாரர், அவருக்கும் மேல் கப்பல் சரக்கு நிறுவனம் என்று அடுக்கு உயர்ந்துகொண்டே போகும். மூட்டை தூக்கியவரின் கைக்கு வந்து சேர்வது எஞ்சியதுதான்.

துறைமுகக் கூலிகளிலும் கைரிக்ஷா இழுத்தவர்களிலும் துப்புரவுப் பணியாளர்களிலும் மிகப் பெரும்பாலோர் விசாகப்பட்டினம், கஞ்சம், கோதாவரிப் பகுதிகளிலிருந்து வந்த தெலுங்கர்கள். தங்கும் விடுதிகளின் நெரிசலை அரசு விசாரணைகள் திரும்பத் திரும்பக் கண்டித்தன. இரவு வேலைக்காரர் எழுந்து போன இடத்தில் பகல் வேலைக்காரர் படுக்கும் அளவுக்கு இடம் இல்லாத அறைகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். ரங்கூனின் செல்வத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த அறைகளை விட்டுவிட்டால் அரைகுறைதான்.

நகரத்தில் எந்தெந்தச் சமூகத்தார் வாழ்ந்தார்கள்?

1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நகரத்தில் 4,00,415 பேர் இருந்தனர்; அவர்களுள் 2,12,929 பேர் இந்தியர். அதாவது பர்மாவின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மையினராக இருந்தார்கள்.

இந்தியர் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர். ஆற்றுப் படகுகளையும் நீராவிப் படகுகளையும் ஓட்டியவர்களில் சிட்டகாங்கைச் சேர்ந்தவர்கள் மிகுதி. எழுத்தர், வழக்கறிஞர், மருத்துவர் வேலைகளில் வங்காளிகளும் தமிழர்களும் இருந்தனர். துணி வணிகத்தில் சூரத்து முஸ்லிம்கள், காவலில் பஞ்சாபியர். தமிழரிலும் செட்டியார்கள் எண்ணிக்கையில் சிறு பகுதியே. கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள், ரயில்வே ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள், கழிமுகத்தில் வயலில் இறங்கி உழைத்தவர்கள் என்று பலர் இருந்தனர். பணக்காரர்களைப் பற்றியே எழுத்து மிஞ்சியிருப்பதால் மற்றவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள்.

மேற்குப் பகுதியில் ஹொக்கியன், கான்டன் சீனர்களின் தெருக்கள் இருந்தன. ஆர்மீனியர், பார்சிகள், பாக்தாத்திலிருந்து வந்த யூதர் ஆகியோரும் சிறு எண்ணிக்கையில் வாழ்ந்து, பெரிய கட்டடங்களை எழுப்பினர். ஆற்றங்கரையில் 1901இல் திறந்த ஸ்டிராண்ட் ஓட்டல் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியக் குடும்பத்தாருடையது.

வழிபாட்டிடங்கள் எப்படி அமைந்தன?

நடந்தே சுற்றிவரக்கூடிய பரப்புக்குள் பகோடா, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூதர் தொழுகைக்கூடம் எல்லாம் இருந்தன; பல இன்றும் இருக்கின்றன. தமிழர்கள் 1871இல் கட்டிய காளியம்மன் கோயில், அப்போது ஃபிரேசர் தெரு எனப்பட்ட இன்றைய அனோரத்தா சாலையின் அருகே வண்ணக் கோபுரத்துடன் நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசலும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. யூதர்களின் தொழுகைக்கூடம் 26ஆம் தெருவில் 1890களில் எழுந்தது.

நகரத்தார் தொழில் செய்யப் போன இடங்களிலெல்லாம் தண்டாயுதபாணியை முதலில் எழுந்தருளச் செய்தார்கள். ஒவ்வொரு கடையும் மகமை என்ற கோயில் பங்கைக் கொடுத்தது. கோயிலுக்கென்று தனிக் கணக்கு இருந்தது. அதே கோயில்தான் வழக்குத் தீர்க்கும் மன்றமாகவும் பயன்பட்டது.

குடும்பத்தோடு போனார்களா?

பெரும்பாலோர் தனியாகவே போனார்கள். ரங்கூன் இந்தியரில் ஆண்களின் தொகை பெண்களின் தொகையைவிடப் பல மடங்கு அதிகம். மனைவி மக்கள் ஊரில் இருக்க, பணம் அனுப்பும் சீட்டான உண்டியலும் கடிதமும் கடலைக் கடந்தன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் தகப்பனைப் பிள்ளைகள் புதிய ஆளாகப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. பர்மாக் கதையில் பெண்களின் பங்கு, கணவன் இல்லாத வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் ஊரில் காத்து நின்ற பங்கு. அதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு.

அங்கேயே பர்மியப் பெண்களை மணந்து நிலைத்தவர்களும் உண்டு. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர்கள் ஜெர்பாதியர் எனப்பட்டார்கள். இத்தகைய மணங்களில் பௌத்தப் பெண்களின் சொத்துரிமை பாதிக்கப்படுகிறது என்ற குறை வலுத்ததால், 1939இல் பௌத்தப் பெண்களுக்கான தனித் திருமண, வாரிசுச் சட்டம் வந்தது.

ரங்கூனில் தமிழ் எழுத்தும் இதழ்களும் இருந்தனவா?

இருந்தன. ஏ.கே. செட்டியார் அங்கே ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னாளில் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தவர் அவரே. வெ. சாமிநாத சர்மா 1930களின் பிற்பகுதியில் ரங்கூனிலிருந்து ‘ஜோதி’ இதழை நடத்தினார். உலக அரசியலையும் வரலாற்றையும் தெளிந்த தமிழில் சொல்லும் அவருடைய உழைப்பின் முக்கியமான ஒரு பகுதி அந்த நகரத்தில்தான் நடந்தது.

1930லும் 1938லும் கலவரங்கள் ஏன் மூண்டன?

1930 மே மாதத்தில் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனங்கள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை வேலைக்கு வைத்தன. பிறகு உடன்பாடு ஏற்பட்டு, மே 26 அன்று இந்தியர்கள் வேலைக்குத் திரும்பியபோது, அன்று காலையும் வேலைக்கு வந்த பர்மியர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அங்கே தொடங்கிய கைகலப்பு நகரம் முழுவதும் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் ஏழை இந்தியக் கூலிகள். கூலியைக் குறைவாக வைத்திருக்க இரு தரப்பு ஏழைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய நிறுவனங்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

1938 ஜூலையில் நடந்தது முதன்மையாக முஸ்லிம்களுக்கு எதிரானது. புத்தரை இழிவுபடுத்தும் பகுதிகள் கொண்ட ஒரு நூல் மறுபதிப்பானதைக் கண்டித்துச் சுவேதகோனில் கூட்டம் நடந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலம் சூரத்திக் கடைத்தெருவை நோக்கிப் போனதும் வன்முறை வெடித்து, வேறு ஊர்களுக்கும் பரவியது. நூல் ஒரு தீப்பொறிதான். நிலம் போனதும், வேலை கிடைக்காததும், கலப்புத் திருமணம் பற்றிய மனக்கசப்பும் முன்பே சேர்ந்திருந்தன.

1942இல் என்ன நடந்தது?

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற மக்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். துறைமுகக் கூலிகளும் துப்புரவுப் பணியாளர்களும் நகரை விட்டு ஓட, சரக்கு இறங்குவது நின்றது; குப்பையும் பிணமும் தெருவில் கிடந்தன. யாருடைய உழைப்பில் அந்த நகரம் இயங்கியது என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தனர்.

கப்பலில் இடம் பிடிக்க முடிந்தவர்கள் கடல்வழியே தப்பினர். மற்றவர்கள், நான்கு லட்சத்துக்குக் குறையாதவர்கள், நடந்தார்கள். ஒரு சாரார் புரோமிலிருந்து தாவுங்குப் கணவாயைக் கடந்து அராக்கான் வழியாகச் சிட்டகாங்குக்குப் போனார்கள். வேறு சிலர் மாண்டலேக்கு வந்து, சின்ட்வின் ஆற்றைத் தாண்டி, தாமு வழியாக மணிப்பூருக்குள் வந்தார்கள். பிந்திப் புறப்பட்டவர்கள் ஹுக்காவுங் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் சிக்கினார்கள். காலராவாலும் பசியாலும் களைப்பாலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டனர். ஐரோப்பியருக்கு நல்ல வழியும் இந்தியருக்குக் கடின வழியும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. வெ. சாமிநாத சர்மாவும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அந்தப் பயணத்தைப் பின்னர் எழுதியும் வைத்தார். அவரைப் போல எழுதத் தெரிந்தவர்களின் துன்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. வழியில் குழந்தையைப் புதைத்துவிட்டு நடந்த கூலிக் குடும்பங்களின் துன்பம் பெயர் இல்லாமலே போய்விட்டது.

போருக்குப் பிறகு எல்லாரும் திரும்பிப் போகவில்லையா?

ஒரு பகுதியினர் போனார்கள். 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. செட்டியார்களின் வயல்கள் அரசுக்குப் போயின. 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963–64இல் வங்கிகளும் மொத்த வணிகமும் சிறு கடைகளும்கூட நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பு ஒரே அறிவிப்பில் காகிதமானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். நகையும் பணமும் எடுத்துப் போகக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் ஒரு பெட்டி துணியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அப்படி வந்தவர்கள் தமிழகத்தில் எங்கே வாழ்கிறார்கள்?

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அவர்களுக்காக ஏற்பட்டது. வியாசர்பாடியிலும் திருச்சி போன்ற நகரங்களிலும் பர்மா அகதிகளுக்கான குடியிருப்புகள் உருவாயின. மாலை வேளையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருவில், வேகவைத்த நூடுல்சோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் அத்தோவும், வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைச் சுவைக்க வரும் இளைஞர்களில் பலருக்கு அவை எந்தத் துறைமுகத்திலிருந்து எப்படி வந்தன என்று தெரியாது.

வேறொரு கூட்டத்தார் தமிழகத்தில் காலூன்ற முடியாமல், தரைவழியாக மீண்டும் பர்மாவுக்குள் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேசுவரி கோயிலும் இருக்கின்றன.

இன்றைய யாங்கோனில் தமிழர் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். யாங்கோனிலும் பகோ, மோல்மேன் வட்டாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. கிராமங்களில் நெல் பயிரிடுபவர்களும் உண்டு. பர்மியப் பெயரும் தமிழ்ப் பெயருமாக இரண்டு பெயர்கள் வைத்துக்கொள்வது வழக்கம். 1960களில் தனியார் பள்ளிகள் நாட்டுடைமையான பிறகு தமிழ்க் கல்வி அறுந்துபோயிற்று. கோயில்களை ஒட்டி நடக்கும் வகுப்புகளே பெரும்பாலும் அதைத் தாங்கிவருகின்றன. போனவர்களைப் பற்றி இத்தனை பேசும் நாம், போகாமல் நின்றவர்களைப் பற்றி விசாரிப்பதே இல்லை என்பது வருத்தம் தருகிறது.

குடும்பத்தின் ரங்கூன் தொடர்பைத் தேட விரும்பினால் எங்கே தொடங்குவது?

வீட்டிலிருந்தே. பழைய பெட்டிகளில் பேரேடு, ஐந்தொகை, உண்டியல், அடமானப் பத்திரம், முத்திரை குத்திய கடித உறை ஆகியவை கிடைக்கலாம். பத்திரத்தில் உள்ள பர்மிய ஊர்ப் பெயரையும் கடன் வாங்கியவரின் பெயரையும் முதலில் படி எடுத்துவையுங்கள். விலாசத்தின் எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்கள் மாறியிருப்பதால் பழைய பெயரோடு புதியதையும் பொருத்திப் பார்க்கவேண்டும்: முகல் தெரு இன்று சுவே போன் தா தெரு, டல்ஹௌசி தெரு மகா பந்தூலா சாலை, ஃபேர் தெரு பன்சோடான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகளும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அக்கால இதழ்களும் உள்ளன. பர்மாவிலிருந்து வந்த முதியவர் யாராவது வீட்டிலோ தெருவிலோ இருந்தால், காப்பகத்துக்குப் போவதற்கு முன் அவரிடம் போங்கள். எந்தத் தெருவில் இருந்தார்கள், பக்கத்துக் கடை யாருடையது, வீட்டில் வேலை செய்தவர் பெயர் என்ன, எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டு, அவர் சொல்லும்படியே பதிவுசெய்துகொள்ளுங்கள்.